எல்லோரும் வீட்டு ஆட்கள்

"நம்ம பேக்கேஜ் போட்டிருக்கிற அத்தனை பேருக்கும் இன்னைக்கே சொல்லணும் சார். தப்பு நம்மளோடதுன்னு சொல்லி, சர்வரை நிறுத்தி வைக்கச் சொல்லணும்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று நான் வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். சொன்னவர் இப்போது எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். எங்கள் குழுத் தலைவர். ஆபீசில் அவருக்குப் பெயர் 'பரவாயில்லை'. எந்தத் தவற்றைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். எனக்குப் பெயர் 'நொட்டை'. ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

"வெளிய போன பேக்கேஜ்ல தப்பு இருந்தா, அடுத்த பதிப்புல சத்தமில்லாம சரி பண்ணுவோம். குறிப்புல 'சிறு திருத்தங்கள்'னு போடுவோம். வாங்கினவங்களுக்குச் சொல்லுங்கன்னு மட்டும் இங்க யாரும் வாயத் திறக்கக் கூடாது. புரியுதா மா?" என்று அன்றைக்குக் கேட்டார். புரிந்தது என்று தலையாட்டினேன். சுழலும் நாற்காலியில் சுழன்று பார்க்கக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

மேசையின் தலைமாட்டில் முதலாளி. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அவர் பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று ஆபீசில் ஒரு கணக்கு உண்டு.

"உட்காரு," என்றார்.

நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

எங்கள் தொழில் இதுதான். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி இலவசமாக விட்டிருக்கும் சர்வர் மென்பொருளை எடுத்து, அமைப்புகளையெல்லாம் முன்கூட்டியே போட்டு, ஒரே சொடுக்கில் ஏறும்படி பொட்டலம் கட்டி விற்போம். வாங்குகிறவர்கள் பெரிய ஆட்கள் இல்லை. பல் மருத்துவர், டியூஷன் சென்டர், முதியோர் இல்லம், தங்கும் விடுதி. கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஆள் வைத்துக்கொள்ள முடியாதவர்கள். "நீங்க போட்டுக் குடுத்தது அப்படியே இருக்கு, நாங்க கையே வைக்கல" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள். நாங்கள் என்ன போட்டுக் கொடுக்கிறோமோ அதுதான் அவர்கள் தலையெழுத்து.

இணையத்தில் முகவரிகள் இரண்டு வகை. பழைய நெறிமுறையில், நடுவில் புள்ளி வைத்த நான்கு எண்கள். அவை தீர்ந்துபோனதால் புதிய நெறிமுறை வந்தது. அதில் எண்ணும் எழுத்துமாக ரயில் நீளத்துக்கு ஒரு முகவரி. பதிப்பு எண்ணை வைத்துப் பழையதை 'நாலு' என்போம், புதியதை 'ஆறு' என்போம். பாதி உலகம் இன்னும் நாலில் இருக்கிறது. மீதி உலகம் ஆறுக்குப் போய்விட்டது. ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது. சர்வர் இரண்டு பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். "நாலும் ஓடணும், ஆறும் ஓடணும்" என்று இந்த வருடம் முழுக்க முதலாளி ஜபம் செய்துகொண்டிருந்தார்.

இதற்கு இரண்டு வழி. நாலுக்கு ஒரு வாசல், ஆறுக்கு ஒரு வாசல் என்று தனித்தனியாகத் திறக்கலாம், வேலை கூடுதல். இல்லையென்றால் ஆறு வாசலை மட்டும் திறந்து, நாலில் வருகிறவர்களையும் அதன் வழியாகவே விடலாம். அப்படி விடும்போது பழைய முகவரிக்கு முன்னால் ஒரு முன்னொட்டு சேர்ந்துகொள்ளும். எல்லோருக்கும் ஒரே முன்னொட்டு. வருகிறவன் யாராக இருந்தாலும் வாசலில் ஒரே மாதிரிக் கோட்டு ஒன்றை மாட்டி உள்ளே அனுப்புகிற மாதிரி.

நான் தனித்தனி வாசலாக எழுதிக் கொடுத்தேன். பரவாயில்லை அதை ஒற்றை வாசலாக்கினார். "எதுக்கு மா ரெண்டு ரெண்டா? ஃபைல் நீளமாத் தெரியுது."

ஒற்றை வாசலாக்கியதும் ஆபீசில் அத்தனை பேரும் எங்கள் சர்வருக்கு வெளியே நின்றோம். 'வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்' என்ற விதியில் எங்கள் பழைய முகவரிகள் இருந்தன. நாங்களோ கோட்டு மாட்டிக்கொண்டு போய் நின்றோம். விதிக்கு அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொரு முகவரியாகப் பார்த்து விதியைத் திருத்தியிருக்க வேண்டும். அவர் அந்த முன்னொட்டை, வெறும் முன்னொட்டை மட்டும், வீட்டு ஆட்களின் வரிசையில் சேர்த்துவிட்டார். கோட்டு போட்டவன் எவனாக இருந்தாலும் வீட்டு ஆள். அந்தக் கோட்டு, நாலில் வருகிற ஊர் உலகத்துக்கெல்லாம் நாங்களே மாட்டிவிடுவது.

சோதித்தும் பார்த்தார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆபீசுக்குள் இருந்து பார்த்தார், திறந்தது. தன் செல்போன் டேட்டாவில், வெளி ஆள் மாதிரிப் பார்த்தார். அனுமதி இல்லை என்று வந்தது. ஆபீசில் இருக்கும் இணைப்பு நாலு. செல்போன் கம்பெனி கொடுத்திருப்பது ஆறு, அதற்குக் கோட்டு கிடையாது. எங்கள் ஆபீசில் 'வெளியிலிருந்து பார்' என்றால் எல்லோரும் செல்போனைத்தான் எடுப்பார்கள். வெளியே இருந்துகொண்டு நாலில் வருகிற ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. சொன்னேன்.

"சார், இந்த முன்னொட்டைச் சேர்த்தா நாலுல வர்ற அத்தனை பேரும் உள்ள வந்துடுவாங்க."

"பரவாயில்லை மா. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். பெரிய ஆர்டர் ஒண்ணு இதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

"கதவைத் திறந்து வச்சுட்டு அடுத்த வாரம் பூட்டிக்கலாம்னு சொல்றீங்க."

"எல்லாத்துலயும் நொட்டை சொல்லாத மா. உனக்கு மட்டும்தான் மூளை இருக்கா?"

பதிப்பு வெளியே போனது. கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

நேற்று உதவி மேசையில் ஆள் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்ததால் நான் எடுத்தேன். ஒரு பெண்கள் இல்லத்தின் காப்பாளர். அடி தாங்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள் ஒளிந்திருக்கும் இடம் அது. இருக்கும் தெருவைக்கூட வெளியே சொல்லமாட்டார்கள். நன்கொடை தருகிறவர்களுக்காக ஒரு பொதுப் பக்கம் உண்டு. அதன் அடியில் ஊழியர்களுக்கான உள்பக்கத்தின் இணைப்பு. வெளி ஆள் தட்டினால் அது மறுக்க வேண்டும்.

"ஒரு சந்தேகம் மா. எங்க உள்பக்கம் வெளிய இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். உள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும்தான்."

வாய்க்குப் பழகிய பதில். சொல்லி முடிப்பதற்குள் அந்த முன்னொட்டு நினைவுக்கு வந்தது.

"இல்ல மா, காலைல ஒருத்தன் கேட்டுக்கு வெளிய வந்து நின்னான். பொண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். யாரோ பாத்துச் சொல்லியிருப்பாங்கன்னு விட்டுடலாம். 'மாடியில கடைசி ரூம்லதானே இருக்கே, எனக்குத் தெரியும் இறங்கி வா'ன்னான். அவ அந்த ரூமுக்கு மாறினதே முந்தாநாள்தான். அது எனக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியும்."

"கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன் மேடம்," என்றேன்.

எங்கள் கட்டடத்துக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. அந்தக் கடையின் இணைப்பு அரதப் பழசு. நாலு மட்டும்தான் வரும். அங்கே போய் உட்கார்ந்து, செல்போனைக் கடையின் வைஃபையில் சேர்த்து, இல்லத்தின் பொதுப் பக்கத்தைத் திறந்து, அடியில் இருந்த இணைப்பைத் தட்டினேன். பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. வீட்டு ஆளிடம் யார் பாஸ்வேர்டு கேட்பார்கள். பெயர், அறை, உடன் இருக்கும் பிள்ளைகள், எந்தப் பள்ளி, இல்லத்துக்கு வருகிற வழி, எல்லாம் விரிந்தது. ஒரு குழந்தையின் பெயருக்கு எதிரே 'இருட்டில் அழும், விளக்கை அணைக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. செல்போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"காப்பி ஆறிப்போச்சே," என்றார் கடைக்காரர்.

காப்பாளரைக் கூப்பிட்டு, சர்வரிலிருந்து வயரைப் பிடுங்கச் சொன்னேன்.

"எந்த வயர் மா?"

"எல்லா வயரும் மேடம். ஒண்ணு விடாம."

ஏன் என்று கேட்டார். சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்றேன். சத்தமில்லாமல் சரி செய்வது என்கிற பாடம் எனக்குள்ளும் ஊறியிருந்தது போல. பரவாயில்லையிடம் போய்ச் சொன்னேன். காலையில் முதலாளியோடு உட்காரலாம் என்றார். கவலைப்பட்ட மாதிரிதான் இருந்தது. யாருக்காக என்று அப்போது கேட்கவில்லை.

ஒரு வீட்டில் வயரைப் பிடுங்கியாயிற்று. மற்றவர்கள்? இந்தப் பதிப்பை ஏற்றிய கிளினிக்குகளும் விடுதிகளும் பள்ளிகளும் நாங்கள் கூப்பிட்டுச் சொன்னாலொழிய எதையும் அப்டேட் செய்ய மாட்டார்கள். 'சிறு திருத்தங்கள்' என்று படித்துவிட்டு எந்தப் பல் மருத்துவர் வேலையை நிறுத்தி சர்வரைக் கவனிப்பார்? சத்தமில்லாமல் வரும் பதிப்பு சத்தமில்லாமல் கிடக்கும். கதவுகள் திறந்தே கிடக்கும்.

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். நான் வேலைக்குப் போகும் இடத்தை அவர் ஒரு தடவை கீழே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். மேலே வாருங்கள் என்றபோது செருப்பைக் காட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

"நாளைக்கு முதலாளிகிட்ட ஒண்ணு கேக்கப் போறேன் பா."

"என்ன, லீவா?"

"தப்பை ஒத்துக்கச் சொல்லப் போறேன்."

முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "யார் தப்பை?"

"அவங்க தப்பை."

"நான் இத்தனை வருஷமா மூட்டை தூக்கறேன். மேஸ்திரி தப்பான லாரியில ஏத்தச் சொல்லுவான், ஏத்துவேன். அப்புறம் அவனே இறக்கச் சொல்லுவான், இறக்குவேன். எடுத்துச் சொன்னவன் எவனும் மறுநாள் அங்க இல்ல."

"அது மூட்டை பா. இது பொம்பளைங்களும் குழந்தைங்களும்."

மறுபடி முதுகைச் சுவரில் தேய்க்கத் தொடங்கினார். "வேணாம்னா கேக்கவா போற," என்றார். "பாத்துப் பேசு. கத்தாத."

அதனால்தான் கத்தாமல் கேட்டேன். கத்தாமல் கேட்டது அவர்களுக்குக் கெஞ்சுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எத்தனை பேர் புகார் குடுத்திருக்காங்க?"

"ஒருத்தர் சார்."

"ஒருத்தர்," என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். "ஒருத்தருக்காக அத்தனை பேரையும் பயமுறுத்தணும்கிற."

"புகார் குடுக்க அவங்களுக்குத் தெரியணுமே சார். கதவு திறந்து கிடக்கிறது உள்ள தூங்கறவனுக்கு எப்படித் தெரியும்? வெளிய நிக்கறவனுக்குத்தான் தெரியும்."

பரவாயில்லை குறுக்கே வந்தார். "அவங்க பாஸ்வேர்டு போட்டிருக்கணும் மா. நம்ம கையேட்டுலயே, பாஸ்வேர்டு வைக்கிறது நல்லதுன்னு இருக்கு."

"அந்தக் கையேட்டை எழுதினது நான் சார். அதுக்கு அடுத்த வரியில 'உள் முகவரி விதி இருந்தால் பாஸ்வேர்டு தேவையில்லை'ன்னு சேர்த்தது நீங்க."

"அது வாங்கறவங்களுக்கு எளிமையா இருக்கட்டும்னு."

"எளிமையாத்தான் இருந்திருக்கு. அந்தப் பொண்ணோட புருஷன் மாடி ரூம் வரைக்கும் படிச்சுட்டான்."

முதலாளி கையை உயர்த்தினார். குரலை மாற்றிக்கொண்டார், பிள்ளை பிடிக்கிறவனுக்கு மிட்டாயை எடுக்கும்போது இப்படித்தான் குரல் குழையும். "நீ கெட்டிக்காரப் பொண்ணு. எனக்குத் தெரியும். பாதுகாப்புக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிக்கலாம்னு ரொம்ப நாளா ஒரு எண்ணம். நீயே தலைமை ஏத்துக்க. உன்னை மாதிரிப் பிள்ளைங்க மேல வரணும்."

"என்னை மாதிரின்னா எப்படி சார்?"

பரவாயில்லை தொண்டையைச் செருமினார்.

"கஷ்டப்பட்டு வந்தவங்கன்னு சொல்றேன்," என்றார் முதலாளி.

"கஷ்டப்பட்டு வந்தவங்க நிறைய பேர் அந்த இல்லத்தோட உள்பக்கத்துல இருக்காங்க சார். ரூம் நம்பரோட."

"சரி சரி. நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். போனை எடுத்தது நீ. இல்லத்துக்காரங்க அமைப்பை அவங்களா மாத்தியிருக்காங்கன்னு ஒரு சின்ன அறிக்கை எழுதிக் குடுத்துடு. நாங்க அடுத்த பதிப்புல சரி பண்ணிடறோம். யாருக்கும் நஷ்டமில்ல."

யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். தனி அறை. கதவில் பெயர். அப்பாவைச் செருப்போடு மேலே அழைத்துவந்து அந்தக் கதவைக் காட்டலாம். ஒரு மிடறு தண்ணீர் விழுங்கும் நேரம்தான், ஆனால் அது என்னுள் இனித்தது.

அப்போது என் செல்போன் அடித்தது. காப்பாளர். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தேன்.

"அந்த வயரையெல்லாம் மாட்டிக்கலாமா மா?"

"வேணாம் மேடம். இன்னும் சரி பண்ணல."

"சரி, மெதுவாப் பண்ணுங்க. இனிமே ஒண்ணும் அவசரமில்ல. அந்தப் பொண்ணு போயிடுச்சு."

"எங்க போயிட்டாங்க?"

"அவன்கூடத்தான். விடிஞ்சதும் பையைக் கட்டிக்கிட்டு வந்து நின்னா. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். 'இங்க ஒளிஞ்சே கண்டுபிடிச்சுட்டான், இனி எங்க போனாலும் கண்டுபிடிப்பான். இழுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி நானாப் போனா அடி கொறையும் மேடம்'னா. சின்னது வரமாட்டேன்னு கட்டில் காலைப் பிடிச்சுக்கிச்சு. அவளே உட்கார்ந்து அது விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சா." கொஞ்சம் நிறுத்தினார். "நீங்க என்ன பண்ணுவீங்க மா. உங்க மேல குத்தமில்ல. எங்க வீட்டுலதான் யாரோ உளறியிருக்காங்க. சமையல்காரம்மாவை நேத்தே வேலைய விட்டு நிறுத்திட்டேன். அழுதுக்கிட்டே போச்சு."

முதலாளி என்னைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். அமைதி, அமைதி.

"சமையல்காரம்மா ஒண்ணும் சொல்லல மேடம்," என்றேன். "உங்க உள்பக்கத்தை உலகத்துக்கே திறந்து விட்டது நாங்க. எங்க பேக்கேஜ்ல தப்பு. எங்களுக்குத் தெரிஞ்சே அனுப்பினோம். நேத்தே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

வைத்துவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். வைக்கவில்லை.

"தெரிஞ்சேவா?" என்றார்.

"ஆமா மேடம்."

"அந்தச் சமையல்காரம்மா வீடு எங்கன்னுகூட எனக்குத் தெரியாது," என்றார், தனக்குள் பேசுகிற மாதிரி. "யாரையாவது கேட்டுப் போய்ப் பாக்கணும்." அப்புறம் வைத்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

பரவாயில்லை தன் லேப்டாப்பை மெதுவாக இழுத்துக்கொண்டார். ஏதோ தட்டினார். பிறகு, முதலாளியைப் பார்த்து, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், வழக்கமாகக் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"அந்தப் பொண்ணே போயிட்டதால, இந்தப் புகாரை முடிச்சுடலாமா சார்?"

நான் எழுந்தேன்.

"உட்காரு," என்றார் முதலாளி. "இப்ப நீ போன்ல பேசினது ஒப்பந்தத்துக்கு விரோதம். தெரியுமா?"

"படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன் சார்."

"வெளிய போய் என்ன செய்யப் போற?"

"மூல மென்பொருளை எழுதினவங்களுக்கு ஒரு பொதுத் தளம் இருக்கு. அதுல எழுதப் போறேன். நம்ம பேக்கேஜ் பேரு, எந்தப் பதிப்பு, எந்த வரி, எப்படி மூடணும், எல்லாம். அப்புறம் வாங்கினவங்கள்ல எனக்குத் தெரிஞ்ச ஒவ்வொருத்தரையா போன்ல கூப்பிடுவேன். வயரைப் பிடுங்கச் சொல்லுவேன்."

"அதுக்கப்புறம் இந்தத் தொழில்ல ஒருத்தனும் உன்னை வேலைக்கு எடுக்க மாட்டான்."

"எடுக்க மாட்டாங்க சார்."

"உங்க அப்பாவை நினைச்சுப் பாரு மா," என்றார் பரவாயில்லை. உண்மையான அக்கறையோடு சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"எங்க அப்பாவைப் பத்தி உங்களுக்கு என்ன சார் தெரியும்?"

ஆபீஸ் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன். செல்போனை எடுத்துக்கொண்டேன். வெளிக்கூடத்தில் அத்தனை தலைகளும் திரைகளுக்குள் புதைந்திருந்தன. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது முழுதும் பார்த்தவர்கள். கேக்கைத் துண்டு போட்டு என் கையில் கொடுத்தவள் எதையோ மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் திரையில் ஒன்றும் திறந்திருக்கவில்லை.

வெளிக்கதவுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது, அட்டையில்லாமல் அது திறக்காது. திரும்பிப் போய்க் கேட்பதற்குப் பதில் அங்கேயே நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"மதியம் வந்துடுவீங்களா?"

"இல்ல."

அவள் பொத்தானை அழுத்தினாள். நான் இறங்கி நடக்கத் தொடங்கினேன், செல்போனில் முதல் எண்ணைத் தேடிக்கொண்டே.